மாப்பிள்ளை ஏறாத ரயில்

என் இடது முன்கையில் ஒரு குக்கர் இருக்கிறது. குக்கர் இல்லை, ரயில் எஞ்சின். ஆனால் மெட்டுகுடாவில் என்னிடம் பிளவுஸ் தைக்க வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது குக்கராகத்தான் தெரிகிறது. டேப்பை எடுத்துத் தோளில் வைத்ததும் அவர்கள் கண் நேரே என் கைக்குப் போகும். ஆன்ட்டிக்குச் சமையல் அவ்வளவு பிடிக்குமா என்பார்கள். இன்னும் சிலர் தாங்களும் ஒன்று குத்திக்கொள்ளப் போவதாகவும், அதற்கு முன்னால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். வீட்டில் யார் யாருக்கு என்ன ரத்த வகை என்று நான் திருப்பிக் கேட்பேன். அளவு எடுக்க வந்த இடத்தில் இதென்ன விசாரணை என்று முழிப்பார்கள். முழிக்கட்டும். எங்களை அப்படி ஒரு ஆள் கேட்டிருந்தால் நாங்கள் அந்த இரண்டு நாள் பாடு பட்டிருக்க மாட்டோம்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் தனித்தனியாகச் செய்யத் தெரியாது. கல்யாணம் என்றால் பெண்கள் எல்லோருக்கும் ஒரே சேலை, ஒரே கலர், ஒரே பார்டர். முப்பது வயசுக்காரிக்கும் எழுபது வயசுக்காரிக்கும் ஒரே மாதிரி ஜன்னல் வைத்த பிளவுஸை நானே என் கையால் தைத்திருக்கிறேன். ஆண்களுக்கு ஒரே குர்தா. டூர் போனால் ஒரே டீ-சர்ட், அதன் முதுகில் குடும்பப் பெயர். ஒரு தடவை திருப்பதி போனபோது எல்லோருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி வாங்கினோம். தரிசனம் முடிந்து வெளியே வந்து பார்த்தால் எங்களோடு பக்கத்து பஸ்ஸைச் சேர்ந்த இரண்டு பேரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் மஞ்சள் தொப்பி.

போன வருஷம் அப்பாவுக்கு எண்பது வயசு முடிந்தது. அப்பா ரயில்வேயில் டீசல் எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வட ஆற்காட்டிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அண்ணன் பேங்க் ஆபீசர், அதை அவனே எல்லோருக்கும் சொல்லிவிடுவான். தங்கச்சி மாரெட்பள்ளியில் ஸ்கூல் டீச்சர். நடுவில் நான். அம்மா போன பிறகு அப்பா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், என்னோடும் என் வீட்டுக்காரரோடும்; எங்கள் பிள்ளைகள் வெளிநாட்டில். பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மாசம் பேசினோம். சேலை பழசு, டீ-சர்ட் பழசு, தொப்பி பேச்சே வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் அண்ணன் மகன் வாயைத் திறந்தான்.

அவன் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். நாம் தமிழில் கேட்டால் பாதித் தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்வான், கோபம் வந்தால் மட்டும் இந்தி. எல்லோரும் கையில் ஒரு எஞ்சின் டாட்டூ போட்டுக்கொள்ளலாம், தாத்தாவுக்கு அதுதான் உண்மையான மரியாதை என்றான். டீ-சர்ட் கிழிந்துபோகும், இது சாகிற வரைக்கும் கூட வருமாம். அண்ணனுக்கு உடனே பிடித்துவிட்டது. தன் பிள்ளை சொன்னால் அவனுக்கு எது பிடிக்காமல் போயிருக்கிறது? தங்கச்சி, ஸ்கூலில் தெரியாத மாதிரி தோள்பட்டையில் போட முடியுமா என்று கேட்டாள். நானா? கத்தரியும் ஊசியுமாகப் பிழைக்கிறவள், ஒரு ஊசிக்குப் பயந்தால் என் மானம் என்ன ஆகும் என்று முதல் ஆளாகச் சரி என்றேன்.

டிசைனும் அண்ணன் மகனே எடுத்து வந்தான். சிம்னி வைத்த நீராவி எஞ்சின், மேலே சுருள் சுருளாகப் புகை. டேய், தாத்தா ஓட்டினது டீசல்டா என்றேன். டீசல் எஞ்சின் பார்க்க டப்பா மாதிரி இருக்காம், சிம்னி இருந்தால்தான் எமோஷன் வருமாம். அந்த எமோஷன்தான் இப்போது என் கையில் விசில் அடித்துக்கொண்டிருக்கிறது.

அப்பாவிடமும் கேட்டோம். அவர் பேப்பரை மடக்கிவிட்டு, எனக்கு வேணாம், நான் யாருன்னு எனக்கு இன்னும் மறக்கலை என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜீடிமெட்லாவில் ஊசி மருந்து தயாரிக்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறார். ஊரில் பாதிப் பேர் உடம்பில் ஏறுகிற மருந்து அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும். ஆனால் அவர் உடம்புக்கு மட்டும் மாத்திரைதான். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவார்; ஊசி போடட்டுமா என்று டாக்டர் கேட்டால் செருப்பைத் தேடுவார். நான் பட்டன் தைக்கும்போதுகூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிற மனுஷன். இந்த ஆளோடு முப்பது வருஷமாக ஊசிகளுக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறேன்.

டாட்டூ கடை மாரெட்பள்ளியில் ஒரு மாடியில் இருந்தது. கீழே இட்லி மாவுக் கடை. ஐந்து பேராகப் போனோம். கடைக்காரர் கையெல்லாம் பாம்பும் பூவும். மொத்தமாக வந்ததால் சலுகை உண்டு என்று அண்ணன் முதலிலேயே பேசி வைத்திருந்தான். முதலில் நான் உட்கார்ந்தேன். வலித்தது. வலிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு முகம் காட்டினேன். அண்ணன், அவன் மகன், தங்கச்சி எல்லோரும் வரிசையாக முடித்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை வாங்க என்று அண்ணன் கூப்பிட்டான்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். கடைக்காரர் மெஷினைக் கையில் எடுத்தார். அது உர்ரென்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். இவர் நாற்காலியிலிருந்து வழுக்கி, தைக்கக் கொண்டுவந்த துணி மூட்டை மாதிரி கீழே போய்ச் சேர்ந்துவிட்டார். தண்ணீர் தெளிக்கிறோம், விசிறுகிறோம், அண்ணன் மகன் அதை வீடியோ எடுக்கிறான். அந்த அமளியில்தான் கடைக்காரர் எங்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் தக்கனி இந்தியில் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். நக்கோ என்றால் கூடாது. சொறிவது நக்கோ, வெயில் நக்கோ, நீச்சல் நக்கோ, ஒரு வருஷத்துக்கு ரத்தம் கொடுப்பது நக்கோ. நாங்கள் ஹவ் ஹவ் என்று தலையாட்டினோம். யார் காதில் விழுந்தது? எல்லோரும் கீழே கிடந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வீடியோ குரூப்பில் இரண்டு மாசம் ஓடியது. மாப்பிள்ளை ரயிலைத் தவற விட்டுட்டார் என்று அண்ணன் எழுதினான். பிளாட்பாரம் டிக்கெட் மாமா என்று அவன் மகன் பேர் வைத்தான். தங்கச்சி சிரிக்கிற பொம்மையாக வரிசை வரிசையாகப் போட்டாள். பிறந்தநாள் அன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் எஞ்சின் தெரிகிற மாதிரி அப்பாவைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தபோது, இவரைக் கேமராவைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்தப் போட்டோவைப் பெரிசாக்கி மாட்ட எடுத்து வந்தபோது, அப்பா கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஏன் கையில குக்கர் போட்டிருக்கீங்க என்று கேட்டார். அதை மாட்ட ஒரு ஆணி அடிக்கச் சொல்லி இன்றைக்கு வரை அவர் கேட்கவில்லை.

பிறந்தநாள் முடிந்து இரண்டு மாசத்தில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இந்த வயசில் படுக்கையில் போட்டு வைத்தால் நெஞ்சில் சளி கட்டும், புண் வரும், ஆளையே கொண்டுபோய்விடும், சீக்கிரம் ஆபரேஷன் செய்து எழுப்பி உட்கார வைக்க வேண்டும். நாளைக் காலையிலேயே செய்துவிடலாம், ஆனால் அப்பா ரத்தம் பி நெகட்டிவ், ஒரு பைதான் கையில் இருக்கிறது, இன்னொரு பை பக்கத்தில் இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்றார்.

அண்ணன் லேசாகச் சிரித்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கு நிலபுலன் கிடையாது, நகைநட்டு கிடையாது, குடும்பச் சொத்து என்று இருப்பது இந்த பி நெகட்டிவ் ஒன்றுதான். அப்பாவுக்கு அதுதான். அண்ணனுக்கு, எனக்கு, தங்கச்சிக்கு, அண்ணன் மகனுக்கும் அதுதான். யாருக்கும் கிடைக்காத ரத்தம் என்று கல்யாண வீடுகளில் பெருமை பேசுவோம். ஒரு பை என்ன டாக்டர், நாலு பை இருக்கு என்று அண்ணன் மார்பைத் தட்டாத குறை.

கீழே ரத்த வங்கியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணன் கையை நீட்டினான். அந்த அம்மா எஞ்சினைப் பார்த்தார். இது எப்போது போட்டது என்று தெலுங்கில் கேட்டார். இரண்டரை மாசம் என்றான். அப்படியானால் முடியாது என்றார். குத்துகிற ஊசியில் ஏதாவது தொற்று வந்திருந்தால் டெஸ்டில் உடனே தெரியாதாம், அது நேரே நோயாளி உடம்புக்குப் போய்ச் சேருமாம், அதனால் ஒரு வருஷம் போக வேண்டுமாம். அடுத்தது யார் என்றார். நான் கையைக் காட்டினேன். எனக்குப் பின்னால் அண்ணன் மகன். மூன்றாவது எஞ்சினைப் பார்த்ததும் அந்த அம்மா, நீங்கள் எல்லாம் ஏதாவது சங்கமா என்று கேட்டார். தங்கச்சி தோள்பட்டையைச் சேலையால் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். டாட்டூ உண்டா என்று நேராகக் கேட்டதும், டீச்சரில்லையா, பொய் வரவில்லை; அழுகைதான் வந்தது.

அண்ணன் சும்மா இருப்பானா? பேங்க் ஆபீசர். திரும்பப் போய், தன்னுடையது உண்மையில் ஒட்டுகிற ஸ்டிக்கர், முதலில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றான். அந்த அம்மா ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அவன் கையில் அழுத்தித் தேய்த்தார். எஞ்சின் இன்னும் பளபளப்பாக ஆனது. அறுபது வயசை நெருங்குகிறவன், ஹோம்வொர்க் செய்யாத பிள்ளை மாதிரி கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அண்ணன் மகனுக்கு எதற்கும் ஒரு வழி உண்டு. அழித்துவிட்டால் போச்சு என்றான். லேசர் கிளினிக் ஒன்றுக்கு அங்கேயே போன் போட்டு எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். ஒரு பெண் தேன் மாதிரி பேசினாள். ஒரு தடவையில் போகாது சார், பல தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒன்றரை இரண்டு மாசம் விட வேண்டும், நம் தோல் நிறத்துக்குக் கொஞ்சம் தழும்பு நிற்கலாம், குத்தியதைவிட எடுக்கும்போதுதான் வலி அதிகம் என்றாள். இவ்வளவு அவசரமா, கல்யாணமா சார் என்று கேட்டாள். ஆபரேஷன், நாளைக்கு என்றான் இவன். லேசர் செய்தாலும் அது புண்தான், ஆறுகிற வரைக்கும் யாரும் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, நான்கு பேர் சேர்ந்து வந்தால் பேக்கேஜ் இருக்கிறது என்றாள். எங்கள் குடும்பத்தைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்களோ.

குரூப் குரூப்பாகச் செய்தி அனுப்பினோம். கும்பிடுகிற கைகள் ஏராளமாக வந்தன. சீக்கிரம் குணமாகட்டும் என்று பூங்கொத்து வந்தது. பி நெகட்டிவ் உள்ளவர் என்று கிடைத்த நம்பர்களில் ஒருவர் குண்டூரில் இருந்தார், இன்னொருவர் போன மாசம்தான் கொடுத்தாராம், மூன்றாவது போன் அணைந்து கிடந்தது. மேலே அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், ரத்தம் கிடைச்சிருச்சாம்மா என்றார். கிடைச்சிரும்ப்பா என்று சொல்லிவிட்டு வெராண்டாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. அப்பா செத்துப்போய்விடுவார் என்று பயமாக இருந்தது. அவருக்கு மரியாதை செய்கிறோம் என்று நாங்கள் கிளம்பியதே அவருக்கு எமனாக வந்து நிற்கிறதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது, எனக்கு நெகட்டிவ் என்றதும் டாக்டரம்மா இவருடைய ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் எடுத்தார்கள். அவருக்கும் அதே பி நெகட்டிவ். அப்படியானால் பிள்ளைக்குக் கவலை இல்லை, நல்ல பொருத்தம் என்றார் டாக்டரம்மா. எங்கள் கல்யாணத்தைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு எத்தனை கல்யாண வீடுகளில் குடும்பத்து பி நெகட்டிவ்களை எண்ணியிருக்கிறோம். இவரை எண்ணியதே இல்லை. மாப்பிள்ளைதானே.

இதைச் சொன்னதும் அண்ணன் கையை ஆட்டினான். ஐயோ அவரா, அப்புறம் அவருக்கும் ஒரு பெட் போடணும் என்றான். அதுவரைக்கும் நானும் சேர்ந்து சிரித்த வேடிக்கைதான். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் ஸ்டிக்கரை வச்சுக்கிட்டு நீ கொஞ்சம் வாயை மூடு என்றேன். என் அண்ணனை அதற்கு முன்னால் நான் அப்படிப் பேசியதில்லை.

இவருக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. கம்பெனியில் மருந்து அடைக்கிற இடத்துக்குள் போனை விடமாட்டார்கள். ஷிப்ட் முடிந்து சாயங்காலம் கஞ்சி பிளாஸ்க்கும் அப்பாவுடைய ஸ்வெட்டருமாக அவரே வந்து சேர்ந்தார். நாங்கள் நான்கு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நடந்ததை எல்லாம் நான்தான் சொன்னேன். கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. உங்களால முடியாதுன்னா வேணாங்க, வேற எங்கயாவது பாக்கலாம் என்று இழுத்தேன்.

அவர் பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தார்.

"எனக்குத்தான் குத்தலையே" என்றார்.

அதில் குத்தல் இல்லை. சும்மா ஒரு தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரத்த வங்கி அம்மா அவருடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் இல்லை, சுத்தமான கை. முன்னால் எப்போதாவது மயங்கி விழுந்தது உண்டா என்று கேட்டார். ஊசியைப் பார்த்தால் விழுவேன், அதனால் பார்க்கப்போவதில்லை என்றார் இவர். ஜூஸ் குடிக்க வைத்து, கட்டிலில் படுக்க வைத்தார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. முதல் தடவை குத்தியது தவறி, அந்த இடம் புடைத்துக்கொண்டது. இன்னொரு தடவை குத்த வேண்டும் என்றார் அந்த அம்மா. எழுந்து ஓடிவிடுவார் என்று நான் நினைத்தேன். ஓடவில்லை. இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். சரியாக எஞ்சின் மேலே.

"ஏதாவது திட்டு" என்றார். "வழக்கமா திட்டுவியே, அப்படித் திட்டிக்கிட்டே இரு. எனக்கு அந்தச் சத்தம் கேக்கணும்."

திட்டினேன். பின்பக்கக் குழாய் சொட்டுவதைச் சொல்லித் திட்டினேன். துண்டை ஈரத்தோடு கட்டிலில் போடுவதைச் சொன்னேன். எங்கள் கல்யாணப் பந்தியில் என்னை நிற்க வைத்துவிட்டுத் தன் அத்தைக்கு முதலில் இடம் கொடுத்ததைச் சொன்னேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. பக்கத்துக் கட்டிலில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த ஆள், பாவம் இந்த மனுஷன் என்று அந்த அம்மாவிடம் தெலுங்கில் முணுமுணுத்தார். பை நிறைந்தது. ஊசியை எடுத்து பஞ்சு வைத்து, எல்லாம் முடிந்தது சார், எழுந்திருக்கலாம் என்றார்கள். இவர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தார். பையைப் பார்த்தார். பிறகு முறையாக மயங்கினார்.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. அந்தப் பையும் ஏறியது. மூன்றாம் நாள் அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அதற்குள் யாரோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். தங்கச்சியாகத்தான் இருக்கும், அவளுக்குத்தான் மனசில் எதுவும் நிற்காது. சாயங்காலம் நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது அப்பா இவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். கையைக் காட்டுங்க மாப்பிள்ளை என்றார்.

இவர் கூச்சத்தோடு சட்டைக் கையை மடித்தார். ஊசி தவறிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டி, நடுவில் கருநீலம், ஓரத்தில் பச்சை. அப்பா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அதை மெதுவாகத் தொட்டார். வலிக்குதா என்றார். இல்லை மாமா, இது ஒரு வாரத்துல போயிரும் என்றார் இவர்.

அப்பா தலையை ஆட்டினார். பிறகு பேரனைத் திரும்பிப் பார்த்தார்.

"அழியறதுக்குள்ள இதை ஒரு போட்டோ எடுத்துக் குடுடா. வீட்டுல மாட்டணும்."

அவன் போனை எடுத்தான். அண்ணன், தங்கச்சி, நான், எல்லோரும் தள்ளி நின்று வழி விட்டோம். என் சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த அன்றைக்கே அப்பா ஆணி அடிக்கச் சொன்னார்.